அவர் இடுப்பளவு

முதலியார்பேட்டை
18.1.2025

மேனகாவுக்கு,

ஆதிலட்சுமி எழுதுகிறேன். பக்கிரியின் மனைவி. நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் உன்னிடம் கேட்கப்போவதில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். உனக்கு என்ன குறை.

அவர் போய் இன்றோடு நாற்பத்து நாலு நாள். நீ காரியத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். ஆனாலும் வரவில்லையே என்று அன்றைக்கு முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது என்ன புத்தி என்று எனக்கே விளங்கவில்லை. பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை.

போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போட்டால் உன் குரல் வரும். அந்தக் குரலைத்தான் மூன்று மாதம் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். இனிமேலும் கேட்க என்னால் ஆகாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. கிளினிக் விலாசம்தான் என்னிடம் இருக்கிறது.

தினமும் மூன்று மணிக்கு வருவாய். அவருக்குக் கை கால் விழுந்து ஒரு மாதம் நான் படாத பாடு பட்டேன். புரட்டிப் போட முடியாது. உட்கார வைக்க முடியாது. பயிற்சி கொடுக்கக் கிளினிக்கிலிருந்து நீ வந்தாய். முதல் நாளே உட்கார வைத்தாய். உனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. கம்பம் நட்டது மாதிரி நின்றாய். எனக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது. முப்பத்தொரு வருஷம் அவருக்குச் சோறு போட்ட கைக்கு இல்லாத பலம், எங்கிருந்தோ வந்த உன் கைக்கு இருந்தது.

பிறகு கதவைச் சாத்த ஆரம்பித்தாய். முக்கால் மணி நேரம் சாத்திய கதவுக்குள் நீயும் அவரும். ஒருநாள் அவர் சிரித்தார். கை கால் விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. என்னிடம் சிரிக்கவில்லை.

அந்தக் கதவுக்குள் என்ன நடந்தது, அவர் என்ன பேசினார், எதற்குச் சிரித்தார். எனக்கு அது தெரிய வேண்டும். அவர் சொல்லாமல் போய்விட்டார். நீதான் பாக்கி.

ஆதிலட்சுமி


லாஸ்பேட்டை
25.1.2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன்.

ஐயா மறைந்தது கேள்விப்பட்டேன். வர முடியவில்லை. மன்னியுங்கள்.

கதவுக்குள் பயிற்சிதான் நடந்தது. கையைத் தூக்குவது, உட்கார்ந்து எழுவது, நிற்பது, எடையை இடது காலுக்கு மாற்றுவது. எல்லா நோயாளிகளுக்கும் அதுதான். கதவைச் சாத்தச் சொன்னது நானில்லை, ஐயாதான். காரணத்தை உங்களிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவர் இல்லை என்பதற்காக அதை மீறலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயம். ஐயாவுக்கு இடுப்பில் கட்டி எழுப்புவதற்காக ஒரு பெல்ட் கொண்டுவந்து உங்கள் வீட்டு ஆணியில் மாட்டியிருந்தேன். சாம்பல் நிறம், கேன்வாஸ், இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கும். அக்டோபரில் காணாமல் போனது. கிளினிக்கில் கேட்கிறார்கள். கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேனகா


முதலியார்பேட்டை
2.2.2025

மேனகாவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்தால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. கையைத் தூக்குவதற்கா ஒரு மனுஷன் சிரிப்பான்.

அவர் உன்னிடம் சொன்னாராம், என்னிடம் சொல்லக் கூடாதாம். இதைப் படித்ததும் தைக்க வந்த பிளவுஸ்களை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கொக்கி கட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த ஏழு பிளவுஸ். லாஸ்பேட்டையில் இறங்கி விசாரித்து உன் கிளினிக்குக்கு வந்தேன். நேரில் கேட்டுவிடுவது என்று.

முன்னால் மதலேன் என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "மேனகாவா, அவுங்க நவம்பர்லேருந்து லீவும்மா. மூலக்குளத்துல வீட்லதான் இருக்காங்க. லெட்டர் வந்தா நான்தான் குடுத்து விடுறேன்" என்றாள். எதற்கு லீவு என்றால் நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் பதினாலாம் தேதி நான் உன்னைத் துரத்தினேன். டிசம்பர் ஐந்தாம் தேதி அவர் போனார். அவருக்கு மறுபடி முடியாமல் போனபோதும் லீவு, போன பிறகும் லீவு. என் வீட்டுக்காரர் செத்ததற்கு நீ ஏன் லீவு போடுகிறாய். துக்கம் எனக்குத்தான். அதிலும் உனக்குப் பங்கு உண்டா. நான் பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே ஊசியைக் கையில் எடுத்தவள். உனக்கு மட்டும் மூன்று மாதம் படுத்துக் கிடக்கும் அளவுக்குத் துக்கமா.

பக்கத்து வீட்டுக் கொளஞ்சி அப்போதே சொன்னாள். "உன்ன அக்காங்குறா. அக்கா புருஷன் என்ன மொறடி ஆவுது, மாமா மொறதான?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினாள். நான் அவளோடு சண்டைக்குப் போனேன். இப்போது அவள் சொன்னதுதான் சரியென்று படுகிறது.

அந்தப் பதினாலாம் தேதியை நான் மறக்கவில்லை. தையல்காரரிடம் பிளவுஸ்களைக் கொடுத்துவிட்டு வருகிறேன். கட்டிலில் அவர் இல்லை. கொல்லையில் கக்கூஸ் வாசலில் நீ நிற்கிறாய். அவருடைய கைலி உன் தோளில் கிடக்கிறது. "கக்கூஸ் வாசல் வரைக்கும் வந்துட்டியாடி, இன்னும் என்ன பாக்கி" என்று கேட்டேன். அதற்கு மேலும் கேட்டேன். கைலியை மடித்துக் கதவில் போட்டுவிட்டுப் போனாய். அவர் உள்ளேதான் இருந்தார். பிறகு நான் என்ன கேட்டாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெல்ட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பூனை தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அதுதான்.

ஆதிலட்சுமி


மூலக்குளம்
9.2.2025

அக்கா,

நான் நலமாக இருக்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். அதைப் படுத்துக்கொண்டே எழுதினேன். லாஸ்பேட்டை என்று மேலே போட்டதும் பொய். இதையும் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் அதனால்தான்.

துக்கத்துக்காக லீவு போடவில்லை. என் இடுப்பில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகிறது. ஐயாவுக்கும் இடது பக்கம்தான் என்று நினைத்துக்கொள்வேன். கட்டிலை விட்டு இறங்க ஒருக்களித்து உருண்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். நோயாளிகளுக்கு ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்தது. என் வீட்டுக்காரர் விஜயராகவனுக்குச் சென்னையில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு போய்விடுவார். மற்ற நாட்களில் ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சமையல்கட்டு வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி, உங்கள் வீட்டில்தான். பெல்ட் காணாமல் போய் இரண்டு நாள். பெல்ட் இருந்தால் கைப்பிடியைப் பிடித்து, கையெட்டும் தூரத்தில் நின்று எழுப்பிவிடுவேன். அவர் உடம்பு என்மேல் படவே படாது. இல்லாததால் அவர் கையை என் கழுத்தில் போட்டு, கட்டிப்பிடித்துத் தூக்கினேன். அவர் சரிந்தார். விடாமல் பிடித்தேன். என் இடுப்பில் ஏதோ நழுவியது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. நீங்கள் கதவிடுக்கில் நிற்பது எனக்குத் தெரியும். கம்பம் மாதிரி நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் அப்படி நின்றேன். உங்களால் முடியாதது என்னால் முடிகிறது என்று காட்டுவதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. அதோடு இன்னும் மூன்று வாரம் வந்தேன்.

ஆகஸ்டில் எங்கள் கிளினிக்குக்குக் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி படிவம் கொண்டுவந்தாள். எங்களைப் போல உடற்பயிற்சி வைத்தியம் செய்பவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். முதல் கேள்வி, உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? ஐந்து கட்டங்கள், மிக மோசம் முதல் மிக நன்று வரை. அப்போதே எனக்கு முதுகுக்குப் பின்னால் வெந்நீர்ப் பை. கூட வேலை செய்யும் இனியா கட்டைவிரலில் பட்டை சுற்றியிருந்தாள். தாமரைச்செல்விக்குக் கழுத்து ஒரு பக்கம் திரும்பாது. பெயர் எழுத வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லியும், இருந்த ஆறு பேரும் மிக நன்றில் டிக் அடித்தோம். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முதுகுவலிக்காரியிடம் யார் முதுகைக் காட்டுவார்கள்? வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் அடுத்த மாதம் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து "ஐயோ, முட்டி போச்சே" என்று சத்தமாகச் சொல்வீர்கள். எனக்கு அதைக் கேட்டால் பொறாமையாக இருக்கும். வலிக்கிறது என்று சொல்ல உங்களுக்கு ஒரு வீடு இருந்தது.

இனி ஐயாவின் பேச்சை மீறுகிறேன். நீங்கள் கேட்டது இதைத்தான்.

கதவைச் சாத்தச் சொன்னது விழுவதை நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக. அவர் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, தானாகக் கக்கூஸுக்குப் போய் வருவது. "அவதான் கழுவி விடுறா. அப்போல்லாம் மூஞ்சிய திருப்பிக்கிறா. எனக்கு அது வேணாம். நானே போயிட்டு வந்து அவள ஒக்கார வெக்கணும்" என்றார். கட்டிலிலிருந்து அங்கே பத்தொன்பது அடி. நவம்பர் பதினாலாம் தேதி பத்தொன்பதும் அவரே நடந்தார். உள்ளே போனதும் கைலி நனையும் என்று கழற்றிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். அப்போது நீங்கள் வந்தீர்கள்.

சிரித்ததும் சொல்கிறேன். நீங்கள் கதவருகில் குனிந்தபோது உங்கள் முட்டி சொடக்கென்று சத்தம் போட்டது. அவர், "கேட்டியா, எங்க வீட்டம்மா வந்துட்டா. எனக்கு அப்பறம் பாக்கலாம், மொதல்ல அந்த முட்டிக்கு வைத்தியம் பண்ணு" என்றார். அதற்குத்தான் சிரித்தார்.

மேனகா


முதலியார்பேட்டை
16.2.2025

மேனகா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை கொளஞ்சியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். முட்டி வந்த இடத்தில் அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பூனை இல்லை. எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. பெல்ட்டை நான்தான் எடுத்தேன்.

ஆணியில் அது தொங்குவதைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை. மாட்டைப் பிடிப்பது மாதிரி என் வீட்டுக்காரர் இடுப்பில் வாரைக் கட்டி நீ பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அது இல்லாவிட்டால் நீ அவரைத் தொட முடியாது என்று நினைத்தேன். உன்னைத் தள்ளி நிற்க வைத்ததே அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும். இருபதாம் தேதி எடுத்து ஒளித்தேன். இருபத்திரண்டாம் தேதி கதவிடுக்கில் பார்த்தால் அவர் கை உன் கழுத்தில் கிடக்கிறது. பார்த்தாயா, பார்த்தாயா என்று என் மனசு சொன்னது. என் கையாலேயே அவரை உன்மேல் சாய்த்துவிட்டு, அதைப் பார்த்து நானே வயிறெரிந்து நின்றேன். உன் முதுகும் என் கையால்தான் போனது.

இன்னொன்று. அவர் கேட்க வழியில்லை, நீயாவது கேள். கழுவும்போது நான் மூஞ்சியைத் திருப்பியது அருவருப்பில் இல்லை. மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் எதிரில் சட்டை மாற்றக்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும் மனுஷன். நான் பார்த்தால் கூசிப் போவார் என்றுதான் திரும்பினேன். அவர் அப்படி நினைத்தார். நான் இப்படி நினைத்தேன். ஒரே ரூமில் ஆறு மாதம் இருந்தோம். அவர் உன்னிடம் சொன்னதில் பாதியை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு நான் கத்தியது எல்லாம் கக்கூஸுக்குள் இருந்த அவர் காதில் விழுந்திருக்கும். பத்தொன்பது அடி நடந்தவரை நான் என்ன சொல்லி வரவேற்றேன். நான் உன்னைத் துரத்தாமல் இருந்திருந்தால் அவர் இருந்திருப்பாரா. உண்மையைச் சொல். எனக்காக மாற்றிச் சொல்லாதே.

ஆதிலட்சுமி


மூலக்குளம்
20.2.2025

அக்கா,

மாற்றிச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை பக்கவாதம் எப்போது வேண்டுமானாலும் வரும், வந்தால் உயிருக்கே ஆபத்து என்று பெரிய டாக்டர் ஜூலை மாதமே என்னிடமும் உங்களிடமும் சொன்னார். நான் தினமும் வந்திருந்தாலும் அது வந்திருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்திருப்பார். அதுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெல்ட் விஷயம் எனக்குத் தெரியும். காணாமல் போன அன்றைக்கே ஐயா சொன்னார், "அரிசி டின்னுல பாரு. எத ஒளிச்சாலும் அவ அங்கதான் ஒளிப்பா." நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது டின்னைத் திறந்து கையை விட்டேன். பெல்ட் விரலில் பட்டது. எடுக்கவில்லை. எடுத்தால் உங்களுக்குத் தெரிந்து என்னை நிறுத்திவிடுவீர்கள் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. பெல்ட் இல்லாமலே என்னால் ஆகும் என்று நினைத்தேன். மிக நன்று என்று எழுதிக் கொடுத்தவள் அல்லவா. என் முதுகை நீங்கள் மட்டும் கெடுக்கவில்லை. நான் கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

மார்ச் மூன்றாம் தேதி வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பூரண குணம், எந்த வேலையும் செய்ய முடியும் என்று என் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வார்களாம். பேப்பர் தலையணைக்குக் கீழே இருக்கிறது. எழுதிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வரிதானே.

மேனகா


முதலியார்பேட்டை
24.2.2025

மேனகா,

அரிசி டின் என்று உன்னிடம் சொல்லிவிட்டாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கல்யாணமான புதிதில் என் மாமியார் கண்ணில் படாமல் நான் ஒரு கண்ணாடி வளையலை ஒளித்த இடம். முப்பத்தொரு வருஷமாக எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த இடம். டிஸ்க் பிதுங்கியவளிடம் இதற்குச் சண்டை போடக் கூடாது என்று புத்தி சொல்கிறது. மனசு கேட்கவில்லை. உன்மேல் எனக்குப் பொறாமை போகவில்லை. பத்தொன்பது அடியை நீ பார்த்தாய், நான் பார்க்கவில்லை. அது செத்தாலும் போகாது. ஒளித்து வைத்துக்கொண்டு எழுதுவதற்குப் பதில் இதைச் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

அந்தப் பேப்பரில் எழுதாதே. ஒரு வரி என்கிறாய். அவரும் நானும் ஒரு வரி பேசாமல் இருந்ததுதான் இவ்வளவும். நாளைக்கு உன்னைவிடக் கனமான ஆளைத் தூக்கச் சொல்வார்கள், நீ கம்பம் மாதிரி நிற்பாய், அப்புறம் உன்னை யார் தூக்குவது. வலிக்கிறது, தூக்கும் வேலை முடியாது, உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வேலை இருந்தால் கொடுங்கள் என்று எழுது. இல்லை என்றால் இல்லை. சொல்லிக்கொடுக்க உன் வாய் இருக்கிறது. முதலில் என் முட்டிக்குச் சொல்லிக்கொடு. அவர் சொன்ன வேலை அது, நீ இன்னும் செய்யவில்லை.

வியாழக்கிழமை வருகிறேன். வில்லியனூர் பஸ்ஸில் ஏறினால் மூலக்குளத்தில் இறங்கலாம் என்று மதலேன் சொன்னாள். மூன்று மணிக்கு வந்துவிடுவேன், நீ வரும் நேரம்தான். இந்தக் கடிதம் முந்துகிறதோ நான் முந்துகிறேனோ தெரியாது. கதவைத் தாழ்ப்பாள் போடாதே, எழுந்து வந்து திறக்க வேண்டாம். வந்ததும் எப்படி இருக்கே என்று கேட்பேன். நலம் என்று சொன்னாயானால் அப்படியே திரும்பிப் பஸ் ஏறிவிடுவேன்.

பெல்ட்டை அரிசியிலிருந்து எடுத்தேன். தவிடு ஒட்டியிருந்தது, துடைத்துவிட்டேன். துவைக்கவில்லை. உன்னைக் கட்டிலிலிருந்து இறக்க அதைத்தான் கொண்டுவருகிறேன். எங்கே பிடிக்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று நீ சொல், நான் செய்கிறேன். இந்த முறை கதவு திறந்தே இருக்கட்டும்.

அதன் கொக்கி கடைசியாக நீ அவருக்குக் கட்டிய அளவிலேயே நிற்கிறது. நான் நகர்த்தவில்லை. என் இடுப்பில் சுற்றிப் பார்த்தேன், நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது. நீ இன்னும் ஒல்லி, உனக்கு நிறைய இறுக்க வேண்டியிருக்கும். அதனால் கொக்கி நின்ற இடத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டிருக்கிறேன். கேன்வாஸில் ஊசி இறங்கவில்லை, இரண்டு ஊசி உடைந்தது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கிக்கொள்ளலாம். அவர் அளவு எங்கே என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆதிலட்சுமி